ரோட்டரி டர்போ கார்களுக்குக் கூட்டாக இரண்டு நாள் டைனோ: வடசென்னையில் நடத்தும் முறை

டைனோ என்பது காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி, ஆற்றலை அளந்து எஞ்சினைச் சரிசெய்ய உதவும் கருவி. இரண்டு நாள்களுக்கு நான்கு கார்கள், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்பதே முதல் கணக்கு. பிஸ்டன் எஞ்சின் கொண்ட டர்போ கார்கள் என்றால் அதே நேரத்தில் எட்டுக் கார்களை டைனோவில் ஏற்றி இறக்கிவிடலாம். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினுக்கு அந்த வேகம் ஒத்துவராது. பிஸ்டன் எஞ்சினில் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) தொடங்கினால், சத்தத்தைக் கேட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். ரோட்டரியிலோ, முக்கோண ரோட்டரின் முனைகளில் நின்று, ரோட்டர் சுழலும் கூட்டின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடும் அபெக்ஸ் சீல்தான் அந்த அடியை வாங்குகிறது. மாஸ்டா நிறுவனத்தின் எஃப்டி வகை ஆர்எக்ஸ்-7இல் உள்ள 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர் மட்டுமே. அது உடைந்தால் துண்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது டர்போவின் டர்பைன் இதழ்களையும் சிதைத்துவிட்டுத்தான் போகும். ஆகவே இந்த இரண்டு நாள்களின் கால அட்டவணையை எத்தனை ஓட்டம் என்பதை வைத்து அமைக்காமல், எத்தனை முறை ஆறவிட்டுச் சரிபார்க்கிறோம் என்பதை வைத்து அமைக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி 1985 முதல் 2002 வரை வெளிவந்த எஃப்சி, எஃப்டி ஆகிய இரு தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார்களையும், அவற்றின் எஞ்சினைப் பொருத்திய வேறு கார்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆர்எக்ஸ்-8 டர்போ இல்லாமல் வந்த கார். பின்னர் டர்போ பொருத்தியவர்களுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். நம் நாட்டில் இக்கார்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பதால், வெவ்வேறு ஊர்களிலிருந்து உரிமையாளர்கள் ஒரே இடத்தில் கூடி, டைனோ வாடகையையும் டியூனரின் கூலியையும் பகிர்ந்துகொள்வது சிக்கனமானது. ஒரு காலத்தில் வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயமே நடந்தது. இன்று அந்த வாய்ப்பு இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் நள்ளிரவில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொதுச் சாலையில் பந்தயத்தை மட்டுமல்லாமல் வேகச் சோதனையையும் தடை செய்கிறது என்பதையும், அங்கே விளக்கு எரியாமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

இடமும் காலமும்

டைனோ என்றால் எல்லாமே ஒன்றல்ல. உருளையின் எடையை மட்டும் நம்பியிருக்கும் இனர்ஷியா டைனோவில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி ஆற்றலை அளக்கலாமே தவிர, நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் பாதிச் சுமையில் எஞ்சினைப் பிடித்து நிறுத்தி, எரிபொருள் அளவும் பொறி தரும் நேரமும் (டைமிங்) அடங்கிய அட்டவணையான மேப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் சரிசெய்ய முடியாது. அதற்கு எடி கரன்ட் பிரேக் உள்ள டைனோ தேவை. அந்த பிரேக் மின்சாரத்தில் இயங்குவதால், ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் சுமை சட்டென்று விலகி எஞ்சின் எகிறும். எனவே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பில் அந்தப் பகுதி அந்தச் சனிக்கிழமை இடம்பெற்றிருக்கிறதா என்று முந்தைய வாரமே பாருங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று பட்டறைக்காரர் சொன்னால், அது விளக்குக்கா, டைனோவுக்கும் பெரிய விசிறிக்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாதவரம், மணலி, புழல் பக்கத்துச் சேமிப்புக் கிடங்குப் பகுதிகளில் உயரமான கூரையும் இருபுறமும் கதவும் உள்ள ஷெட் கிடைக்கும். இரண்டு கதவும் திறக்க வேண்டும் என்பதில் சமரசம் செய்யாதீர்கள். ரோட்டரி எஞ்சினின் புகையில் எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக இருக்கும். எக்ஸாஸ்டில் குழாய் மாட்டிப் புகையை வெளியே தள்ளுவது கட்டாயம். ஒலியும் அப்படித்தான்: ஷெட்டுக்குப் பின்னால் குடியிருப்பு இருந்தால் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் முழு ஓட்டம் வேண்டாம். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை எழாது.

மாதங்களில் ஜனவரியும் பிப்ரவரியும் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. மே மாதத்தில்தான் எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கிறது என்றால், முழு பூஸ்ட் ஓட்டங்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சி வேளையில் ஐடில், குறைந்த சுமை போன்ற வேலைகளைப் பாருங்கள். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும்போது வெப்பநிலை சற்று இறங்கும். கிழக்கு நோக்கிய கதவு உள்ள ஷெட்டுக்கு நான் கூடுதல் வாடகைகூடக் கொடுப்பேன்.

கார்களை வெள்ளிக்கிழமை இரவே பிளாட்பெட் லாரியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவது நல்லது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசையில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்த எஃப்டியின் எஞ்சின் அறை, டைனோவில் ஏறும் முன்பே கொதித்துப் போயிருக்கும்.

முந்தைய வாரத்தில் செய்ய வேண்டியவை

வேலையில் முக்கால் பங்கு இங்கேதான் முடிகிறது. முதலில் கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று அழுந்தும் அளவு. சாதாரண கம்ப்ரஷன் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் உயர்ந்ததை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் மறைத்துவிடும் என்பதால், ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, 250 சுழற்சிக்குச் சரிசெய்த அளவில், சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் கீழே எந்த முகமும் இறங்கக் கூடாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5 கிலோவுக்கு மேல் வேறுபாடும் இருக்கக் கூடாது. இதில் தவறிய கார் டைனோவில் ஏறாது. அதன் உரிமையாளர் நண்பராக இருந்தாலும், பெங்களூரிலிருந்து வந்திருந்தாலும், இதுவே விதி.

அடுத்தது இக்னிஷன் வயர்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள் உண்டு: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெயிலிங். லீடிங் முதலில் வெடிக்க வேண்டும். பூஸ்டில் 10 முதல் 15 டிகிரி கழித்து டிரெயிலிங் வெடிப்பது பாதுகாப்பான தொடக்கம். எஃப்டியில் இரண்டு லீடிங் பிளக்குகளும் ஒரே நேரத்தில் பொறி தருவதால், அவற்றின் வயர்கள் மாறினாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். டிரெயிலிங் வயர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிவிட்டாலோ எஞ்சின் ஐடிலில் ஏறக்குறைய ஒழுங்காகவே ஓடி, பூஸ்ட் ஏறும்போது சீலை உடைக்கும். ஒருமுறை வேறொரு பட்டறையில் பிளக் மாற்றி வந்த கார் ஒன்றில் இதை நானே கண்டேன். டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் அன்று அந்த எஞ்சின் போயிருக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் டைமிங்கைப் பூட்டிவைத்து, புல்லியில் உள்ள மஞ்சள் குறி லீடிங்குக்கும் சிவப்புக் குறி டிரெயிலிங்குக்கும் சரியாக நிற்கின்றனவா என்று ஒவ்வொரு காரிலும் பாருங்கள்.

பிளக்குகளைப் புதிதாகப் போடுங்கள். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கை நமக்கெல்லாம் உண்டு. ஆனால் ரோட்டரி பிளக் அந்தப் பட்டியலில் சேராது. ஒரு காருக்கு இரண்டு செட் வீதம் முன்கூட்டியே வரவழைத்துவிடுங்கள். ஹோஸ், கிளாம்ப், ஜிப் டை போன்றவற்றுக்குப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளே போதும். எஃப்டியின் இரட்டை டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்யூம் ஹோஸ்கள் முப்பது ஆண்டு வெப்பத்தில் மண்பானை ஓடுபோல இறுகியிருக்கும். இன்டேக் வாயை அடைத்துக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, சோப்பு நீர் தெளித்துக் கசிவைக் கண்டுபிடியுங்கள். எக்ஸாஸ்ட் தடைகளை நீக்கிய காரில், கேட்டதைவிட அதிகமாக பூஸ்ட் தானே ஏறும் பழக்கம் உண்டு என்பதால், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டின் அளவையும் இப்போதே உறுதிசெய்ய வேண்டும்.

பெட்ரோல் தனியாகப் பேச வேண்டிய விஷயம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு கூடுதல் அளவு செலுத்த வேண்டியிருக்கும். எத்தனால் இல்லாத உயர் ஆக்டேன் பெட்ரோலில் அமைத்த மேப்பை வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும் வழியில் சாதாரண பங்கில் நிரப்பினால், கலவை அந்த அளவுக்கு எரிபொருள் குறைந்து லீனாகிவிடும். பூஸ்டில் அது உயிருக்கே உலை. ஆகவே பின்னாளில் எந்தப் பெட்ரோலில் ஓட்டப்போகிறாரோ அதையே, ஒரே பங்கில், முக்கால் டேங்குக்குக் குறையாமல் நிரப்பி வரச் சொல்லுங்கள். 10 லிட்டருக்கு 50 மில்லிலிட்டர் என்ற அளவில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் சேர்க்கலாம். சீலுக்கு அது துணை.

டைனோ நாள்

காரை நகர்த்த வேண்டுமென்றால் தள்ளுங்கள். இதைச் சுவரில் எழுதியே ஒட்டிவிடுங்கள். குளிர்ந்த ரோட்டரியைக் கிளப்பி இருபது அடி ஓட்டி உடனே நிறுத்தினால், உள்ளே தேங்கும் பெட்ரோல் சீல்களின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை கம்ப்ரஷன் கிடைக்காமல் எஞ்சின் கிளம்பாது. நான் முதல்முறை நடத்தியபோது வரிசையைச் சீராக்குகிறேன் என்று இப்படி நகர்த்திய ஒரு காரால், பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, செல்ஃப் அடித்து உலர்த்துவதற்குள் சனிக்கிழமை காலை முழுவதும் வீணாயிற்று. நான்கு பேர் கைகொடுத்தால் எஃப்டி எளிதாகவே உருளும்.

மாற்றங்கள் குறைந்த காரை முதலில் ஏற்றுங்கள். டைனோவின் அளவீடுகள் நம்பத்தக்கவையா என்பது அதில் தெரிந்துவிடும். எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிளிப்பை லீடிங் வயரில் மாட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பும், டிரெயிலிங்கில் மாட்டினால் ஒன்றும் வரும். இதைத் தவறாக அமைத்தால் குதிரைத்திறன் சரியாகவும் டார்க் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வரைபடத்தில் விழும். வானிலைக்கான திருத்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்ஏஇ ஜே1349 என்ற முறை அளவீட்டை 25 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றித் தருகிறது; ஆனால் டர்போ கார் வெளிக்காற்று மெலிந்தாலும் தன் பூஸ்ட் அளவைத் தானே காத்துக்கொள்வதால், சென்னை வெயிலில் திருத்திய எண் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். திருத்தாத எண்ணையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.

காரை டைனோவில் கட்டிப்பிடிக்கும் ஸ்ட்ராப்களை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஓட்டத்தின்போது காரின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. படம் பிடிப்பவரும் இதற்கு விலக்கல்லர். தீயணைப்பான் எடுக்கும் தூரத்திலும், காதடைப்பு எல்லோர் காதிலும் இருக்கட்டும்.

டியூனிங் வரிசை இது: முதலில் ஐடிலும் குறைந்த சுமையும், பிரேக்கால் பிடித்து ஒவ்வொரு கட்டமாக. பிறகு வேஸ்ட்கேட் ஸ்பிரிங் மட்டும் தரும் குறைந்த பூஸ்டில், கலவையை ரிச்சாகவும் (எரிபொருள் கூடுதலாகவும்) டைமிங்கைப் பின்தள்ளியும் வைத்துக்கொண்டு, 3,000இலிருந்து முதலில் 5,500 சுழற்சி வரை. பதிவைப் படித்துவிட்டு 7,000 வரை. பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.75 முதல் 0.78 வரை இருக்க வேண்டும். பெட்ரோல் அளவுகோலில் அமைத்த கேஜில் அது 11.0 முதல் 11.5 வரை எனத் தெரியும். எத்தனால் கலந்தாலும் லாம்டா மாறாது என்பதால், எல்லோரும் லாம்டாவிலேயே பேசுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்: எரிபொருளை மாற்றினால் டைமிங்கைத் தொடாதீர்கள், பூஸ்டை ஏற்றினால் மற்ற இரண்டையும் தொடாதீர்கள். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 விழுக்காட்டைத் தாண்டினால், எரிபொருள் அழுத்தம் பூஸ்டுக்கு இணையாக ஏறாவிட்டால், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை முந்தைய ஓட்டத்தின் தொடக்கத்தைவிட உயர்ந்தே இருந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எஃப்டியின் தொழிற்சாலை பூஸ்ட் 10 பிஎஸ்ஐ. 4,500 சுழற்சி அளவில் இரண்டாம் டர்போ சேரும்போது 8க்கு இறங்கி மீண்டும் 10க்கு ஏறுவது அதன் இயல்பு. அந்தச் சரிவைப் பழுது என்று எண்ணி பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகிவிடாதீர்கள்.

டியூனருடன் ஒரு காருக்கு ஒருவர் மட்டுமே பேச வேண்டும். நாள் முடியும் வேளையில், பக்கத்துக் காரின் எண்ணைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னும் ஒரே ஒரு ஓட்டம், அவ்ளோதான்ணே" என்று யாராவது வருவார். நான் பார்த்தவரை எஞ்சின்கள் போனது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான். ஆகவே பூஸ்ட், சுழற்சி ஆகிய இரண்டின் உச்ச வரம்பையும் காலையிலேயே தாளில் எழுதி உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நிறுத்தும் அதிகாரம் டியூனருக்கு மட்டுமே என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இறக்கிய பிறகு

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஆறவிட்டு நிறுத்துங்கள். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, எந்த ரோட்டரின் எந்தப் பிளக் என்று குறித்துப் படம் எடுங்கள். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் கம்ப்ரஷனை மீண்டும் அளந்து, முந்தைய வாரத்து எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சேமித்த மேப் கோப்புகளையும் பதிவுகளையும் உரிமையாளரின் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். டியூனரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் கிடைக்காது.

குளிர்நிலைத் தொடக்கத்தை டைனோவில் சரிசெய்ய முடியாது. அதனால் திங்கட்கிழமை விடியற்காலையில் ஒவ்வொரு காரையும் ஷெட்டிலேயே, பதிவு ஓடிக்கொண்டிருக்க, ஒருமுறை கிளப்பி முழுச் சூடு ஏறும் வரை ஓடவிட்ட பிறகே லாரியில் ஏற்றுங்கள்.