நீரடி உணரி வலையமைப்பில் தரவு மோதலைக் குறைக்கும் முறை

கடல்நீரில் ரேடியோ அலை மிக விரைவில் தேய்ந்துவிடுவதால், தொலைவிலுள்ள உணரிகள் ஒலியலை வழியாகவே தரவை அனுப்புகின்றன. அந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மட்டுமே செல்லும். எனவே செய்தி செல்லும் தடம் அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பும் வழக்கமான முறையை இங்கு நம்ப முடியாது. நாம் கேட்கும் அமைதி, இன்னொரு கணுவின் (வலையமைப்பில் இணைந்த கருவியின்) செய்தி பாதி வழியில் வந்துகொண்டிருப்பதை மறைத்துவிடும்.

மோதல், அதாவது இரு செய்திகள் ஒருசேர வந்து சிதைவது, செய்தியைப் பெறும் கணுவில்தான் நிகழ்கிறது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். செய்திகளைப் பெறும் மையக் கணுவிலிருந்து 300 மீட்டரில் ஒரு கணுவும் 1,500 மீட்டரில் மற்றொன்றும் இருப்பதாகவும், ஒரு பாக்கெட்டின் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின்) நீளம் 0.4 நொடி எனவும் கொள்வோம். இரண்டும் ஒரே கணத்தில் அனுப்பினால், முதலாவது 0.2 நொடியிலும் அடுத்தது 1 நொடியிலும் வந்து சேர்வதால் சிக்கலே இல்லை. தொலைவிலுள்ளது அனுப்பிய 0.8 நொடிக்குப் பிறகு அருகிலுள்ளது அனுப்பினாலோ, இரண்டும் ஒருசேர வந்து சிதைந்துபோகும். ஆகவே எந்தக் கணு எப்போது அனுப்பலாம் என்ற அட்டவணையை, செய்தி கிளம்பும் நேரத்தை வைத்து வகுக்காமல், அது வந்து சேரும் நேரத்தை வைத்து வகுக்க வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு கணுவுக்கும் சிறு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் திரும்பும் நேரத்திலிருந்து பதிலளிக்க அக்கணு எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கிப் பயணத் தாமதத்தைக் கணக்கிடுங்கள். வெப்பநிலையும் உவர்ப்பும் மாறும்போது ஒலியின் வேகமும் மாறுவதால், இந்த அளவீட்டை அவ்வப்போது திரும்பச் செய்வது அவசியம்.

அடுத்தடுத்த வருகைகளுக்கு இடையில் பாதுகாப்பு இடைவெளி விடுங்கள். இதில் பலர் கவனிக்கத் தவறுவது கடிகாரப் பிழையை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள கடிகாரம் ஒரு நாளில் சுமார் 0.086 நொடி விலகும்; எதிரெதிர்த் திசையில் விலகும் இரு கடிகாரங்களுக்கிடையே அது இரட்டிப்பாகும். இடைவெளி 0.2 நொடி என்றால், நாளுக்கு ஒருமுறையாவது நேரத்தை ஒத்திசைத்தே ஆக வேண்டும்.

அனுமதி கேட்டு, அது கிடைத்தபின் அனுப்பும் முறை சிறு அளவீடுகளுக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து. 1,500 மீட்டரில் அனுமதி பெறவே 2 நொடி போய்விடும். பல அளவீடுகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து அனுப்பும்போது மட்டும் அதைக் கையாளலாம்.

எதிர்பாராத எச்சரிக்கைகளுக்குத் தனி நேரத்துண்டு ஒன்றை ஒதுக்கிவையுங்கள். அதில் மோதல் நேர்ந்தால், மறுமுறை அனுப்பக் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு கணுவும் தற்போக்காக (குலுக்கல் போல, முன்முடிவின்றி) தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வின் வீச்சு வலையமைப்பின் மிக நீண்ட பயணத் தாமதத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும்.