ஈரலைக் காக்கும் மூலிகைகள்: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே கீழாநெல்லி தானாக முளைக்கும். யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் ஆயா அதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார். அந்தக் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அதை ஒட்டி நாம் செய்யும் சில தவறுகள் உயிருக்கே உலை வைக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காமாலையையே நோய் என்று நினைப்பது. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடினால் கண் மஞ்சளாகும். அது ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. வைரஸாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையாக இருக்கலாம், பித்தக்குழாயை அடைத்த கல்லாகவோ கணையத்தில் வளரும் கட்டியாகவோ இருக்கலாம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் வந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் குடித்த கீழாநெல்லிக்கு நல்ல பெயர் வந்துவிடும். அதே நம்பிக்கையில் என் பெரியம்மாவுக்கு மூன்று வாரம் மோரில் மருந்து கொடுத்தோம். மலம் வெளுத்தது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போனது, உடம்பெல்லாம் அரிப்பு. பித்தம் குடலுக்குப் போக வழியில்லை என்று உடம்பு அத்தனை வழியிலும் சொல்லிக்கொண்டிருந்தது. குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்லை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். எந்த இலைச்சாறும் அந்தக் கல்லை நகர்த்தியிருக்காது.

கண் மஞ்சளானவர் பிதற்றினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிறந்த ஒரு நாளுக்குள் குழந்தை மஞ்சளானாலும் அப்படித்தான். பச்சைக் குழந்தைக்கு ஒரு சொட்டுச் சாறுகூடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லில் மயங்குவது. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு என எதைத் தேடினாலும் ஈரலைக் காத்ததாக ஆய்வுகள் வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. சில நாள் மூலிகைச் சாறு கொடுத்துவிட்டு, அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சைக் கொடுப்பார்கள். வெள்ளம் வருமுன் கரை கட்டுவது போன்ற ஏற்பாடு இது. நாமோ வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு செடியைத் தேடுகிறோம். இன்னொன்றும் உண்டு. அந்த நஞ்சைக் கொடியதாக மாற்றுவது ஈரலில் இருக்கும் ஒரு நொதி. சாறு அந்த நொதியைத் தடுத்தாலே எலி தப்பிவிடும். வைரஸோ கொழுப்போ தாக்கிய மனித ஈரலுக்கு அதனால் என்ன லாபம்?

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாரம் என்றால், எடையை மட்டும் பெருக்காமல் உடல் பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான கணக்குப்படி 60 கிலோ மனிதருக்குத் தினம் சுமார் 2 கிராம். அது இலையல்ல, வற்றவைத்த சாரம். பத்துக்கு ஒன்றாகச் சாரம் இறங்கினால் 20 கிராம் காய்ந்த இலை வேண்டும். டீயில் போடும் ஒரு சிட்டிகை எந்த மூலைக்கு?

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தபோது நம்மவர்களுக்கு அவ்வளவு பெருமை. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். ஆனால் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஹெபடைடிஸ் பி சாதாரணமாகக் காணும் நோய். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அதற்கான ஊசி சேர்ந்தது 1995இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். வைரஸை அடக்க டெனோபோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

"செடிதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்கு இந்த மண்ணே பதில் சொல்லும். டர்பன் இருக்கும் குவாசுலு நடால் மாகாணத்தின் புல்வெளிகளில் இம்பிலா என்று ஒரு செடி வளர்கிறது. ஜூலு மொழியில் அந்தப் பெயருக்கு ஆரோக்கியம் என்று பொருள். அதன் கிழங்கில் உள்ள அட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு உயிரணுவுக்குள் சக்தி போய்வரும் வாசலையே அடைத்துவிடும். ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்து செயலிழந்து, ஐந்து நாளுக்குள் இறந்தவர்கள்தான் அதிகம், குழந்தைகள் உட்பட. டர்பனின் வார்விக் மூலிகைச் சந்தையில் பெயர் தெரியாத வேரை வாங்கி வீட்டில் நீங்களாக ஒருபோதும் காய்ச்சாதீர்கள். நம் செடிகளும் விலக்கில்லை. 2020, 2021இல் மும்பையில் சீந்தில் கொடி குடித்தவர்கள் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்துக் குப்பியில் விற்கும் மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்கள் உண்டு.

குடியை விடாமல் கரிசலாங்கண்ணி சாப்பிடுவதால் பயனில்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பாராசிட்டமால் அளவு மீறிப் போய்விட்டால் மட்டும் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்காதீர்கள். முதல் நாள் ஆள் நன்றாகத்தான் தெரிவார். அதற்கான மாற்றுமருந்து எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும்.

காசநோய்க்கோ எச்ஐவிக்கோ மாத்திரை எடுப்பவர்கள், ஈரலுக்குப் பாதுகாப்பு என்று யாரிடமும் சொல்லாமல் கஷாயம் குடிக்கிறார்கள். காசநோய் மாத்திரைகளான ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே ஈரலைத் தொடக்கூடியவை. கண் மஞ்சளானால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் மறைக்கிறோம். பெரியம்மா இப்போது கிளினிக் போகும்போது, பிடுங்கிய செடியையே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய் நர்ஸிடம் காட்டுகிறார். அவரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பெயரைக் கேட்டு, கார்டில் எழுதிக்கொள்கிறார்.