புளித்த ஊறலை மாற்ற எந்த பம்ப்?

சாராயம் வடிக்கப் புளிக்கவைத்த ஊறலைப் பீப்பாயிலிருந்து, காய்ச்சும் பாய்லருக்கு மாற்றும் பம்ப் இது. வாங்கும்போது பலர் முதலில் பார்ப்பது குதிரைத் திறனை. பார்க்க வேண்டியது ஊறலில் திப்பி எவ்வளவு என்பதை. 25 லிட்டர் பீப்பாய்க்கு பம்பே தேவையில்லை. மேசைமேல் ஏற்றி ட்யூப் போட்டால் தானே இறங்கிவிடும். (உரிமம் இல்லாமல் வீட்டில் வடிப்பது பல நாடுகளில் குற்றம். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.)

சர்க்கரை ஊறல், வடிகட்டிய ஊறல் என்றால் மேக்னடிக் டிரைவ் பம்ப் (காந்த இழுப்பில் சுழலும் பம்ப்) போதும். அது தானாக உறிஞ்சாது. பீப்பாயின் அடிமட்டத்துக்குக் கீழே வைத்து, ஊறல் வந்து நிரம்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். வேகத்தைக் குறைக்க வெளியேறும் பக்க வால்வைத் திருகலாம். உறிஞ்சும் பக்கத்தை நெருக்கவே கூடாது.

மக்காச்சோளம், பார்லித் திப்பியோடு மாற்றுவதானால் ரப்பர் இம்பெல்லர் (வளையும் இதழ்கள் கொண்ட சுழல் சக்கரம்) பம்ப்தான். தானே உறிஞ்சும், மெத்தென்ற திப்பியைக் கடத்தும். ஆனால் வெறுமனே ஓடினால் அரை நிமிடத்திலேயே இதழ்கள் கருகத் தொடங்கும். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் (சவ்வு அசைந்து தள்ளுவது) மலிவுதான். ஓர் உமி வால்வில் சிக்கினால் மோட்டார் ஓடும், ஊறல் நகராது.

பெட்டியில் போட்டிருக்கும் 'நிமிடத்துக்கு 20 லிட்டர்' என்பது, மேலே ஏற்ற வேண்டிய உயரமே இல்லாதபோது கிடைப்பது. அதிகபட்ச ஏற்றம் 3 மீட்டர் என்றால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. 100 லிட்டரைப் பத்து நிமிடத்தில் மாற்ற, உங்கள் பாய்லர் வாய் உயரத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வர வேண்டும்.

பாதித் தொல்லை பம்பில் இல்லை, உறிஞ்சும் ஹோஸில் இருக்கிறது. புளித்த ஊறலில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் குறைந்ததும் நுரைத்துக் கிளம்பி ஏர் லாக் ஆக்கிவிடும், அதாவது வாயு அடைத்து ஓட்டம் நின்றுவிடும். முந்தைய நாளே நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்றித் தெளியவிடுங்கள். ஹோஸ் 25 மி.மீ., கம்பி சுற்றியது, முடிந்தவரை குட்டை. தெளிந்த ஊறலில் ஹோஸ் நுனி அடியிலிருந்து 5 செ.மீ. மேலே நிற்கட்டும், ஈஸ்ட் வண்டல் பாய்லருக்குள் போனால் அடிப்பிடிக்கும்.

10 சதவீத ஆல்கஹால் உள்ள ஊறல் அறை வெப்பத்தில் எளிதில் பற்றாது. 40 சதவீதச் சரக்கின் ஆவி சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே பற்றும். வடித்ததை இந்த பம்பில் மாற்றாதீர்கள். பாய்லர் அடுப்பு அணைந்திருக்கும்போது மட்டும் பம்ப் ஓடட்டும்.

வேலை முடிந்த கையோடு தண்ணீர் ஓட்டுங்கள். மாவு காய்ந்தால் பசைதான். இம்பெல்லரை நெடுநாள் வைப்பதானால் கழற்றி வையுங்கள். வளைந்தபடியே கிடந்தால் இதழ்கள் அப்படியே நின்றுவிடும், அடுத்த முறை உறிஞ்சாது.