பெயரை அழித்தால் மட்டும் போதுமா? சுகாதாரச் செயலி ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடை, தூக்கம், ரத்தச் சர்க்கரை என்று எதையாவது செயலி வழியே அளக்கும் ஆய்வுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. எக்செல் தாளில் பெயர்ப் பத்தியை அழித்துவிட்டு, இனி யார் யாரென்று யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது.

தெரியும். அதுவும் சிங்கப்பூரில் ரொம்ப சுலபமாகத் தெரியும். பல நாடுகளில் அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் காட்டும். இங்கே அந்த ஆறு எண்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் காட்டிவிடும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதோடு பிறந்த தேதியும் இனம் என்ற பத்தியும் சேர்ந்துகொண்டால், புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஆண்டியைக் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடுவார். இது நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல். குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடுதான், அதனால் 40 பேர் ஆய்வில் இந்தியர் மூன்று நான்கு பேர் இருந்தாலே அதிகம், அதில் எழுபது வயதைத் தாண்டிய பெண் என்றால் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவருக்கு என்ன மாத்திரை என்பதும் அதே வரியில் இருக்கும். அஞ்சல் குறியீட்டில் முதல் இரண்டு எண்கள் போதும். பிறந்த தேதிக்குப் பதில் ஐந்து அல்லது பத்து வருட வயதுப் பிரிவு போதும். அறிக்கையில் மிகச் சிறிய பிரிவுகளைச் சேர்த்துக் காட்டுங்கள்.

அடுத்தது அடையாள அட்டை எண். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர தனியார் அமைப்புகள் அதை வாங்கக்கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. சரி, முழு எண் வேண்டாம், கடைசி மூன்று எண்களும் எழுத்தும் மட்டும் வைத்துக்கொள்வோம் என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் ஏழு எண்கள். 1968 அல்லது அதற்குப் பிறகு இங்கே பிறந்தவர் என்றால் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அது உங்கள் தாளிலேயே இருக்கிறது. கடைசி மூன்றை நீங்களே எழுதிவிட்டீர்கள். மிச்சம் நடுவில் இரண்டு, அதாவது 100 வாய்ப்புகள். அப்புறம் அந்தக் கடைசி எழுத்து சும்மா வந்ததல்ல, முன்னால் உள்ள எண்களைப் பெருக்கிக் கூட்டி வருவது, 11 எழுத்துகளில் ஒன்று. அதை வைத்து வடிகட்டினால் 100 என்பது ஒன்பது பத்தாகச் சுருங்கிவிடும். இதற்குப் பெயர் மறைப்பு அல்ல. ஆய்வுக்கென்றே தாறுமாறான ஒரு குறியீட்டை உருவாக்கிக் கொடுங்கள்.

குறியீடு கொடுத்தவர்களும் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள்: எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியலை அதே கூகுள் டிரைவ் ஃபோல்டரில், தரவுக்குப் பக்கத்திலேயே போட்டு வைப்பது. அது தனி இடத்தில், கடவுச்சொல்லோடு, ஒன்றிரண்டு பேர் கைக்கு மட்டும் எட்டும்படி இருக்க வேண்டும். பங்கேற்றவர்களுக்குப் பற்றுச்சீட்டோ (வவுச்சர்), கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் வழியே பணமோ கொடுத்த பட்டியலையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் "நீரிழிவு ஆய்வு" என்ற தலைப்பின் கீழ் பெயரும் கைப்பேசி எண்ணும் வரிசையாக இருக்கும் தாள் அதுதான்.

வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி எல்லாரையும் அதில் சேர்த்து நினைவூட்டுவதும் இதே ரகம். மனநலச் செயலி ஆய்வில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுப்பதுதான் அது. தனித்தனியாக அனுப்புங்கள், கை வலித்தாலும் பரவாயில்லை.

செயலிக்குள் என்ன ஓடுகிறது என்று நிரலரைக் கேட்டீர்களா? விளம்பரத்துக்கும் பயன்பாட்டுக் கணக்குக்கும் சேர்க்கப்படும் வெளி நிறுவன நிரல்கள் தரவை அமைதியாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி பயனர்களின் தரவை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுடன் பகிர்ந்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டி, 2021 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பதால் செயலி சுத்தமாகிவிடாது.

ஒப்புதல் படிவம் பற்றி ஒன்று. "ஆண்டி, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று சமூக மன்றத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் போட்டுவிடுவார், மரியாதைக்காக. எதைச் சேகரிக்கிறீர்கள், எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், இடையில் விலகினால் என்ன ஆகும் என்று தமிழில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுக்க வேண்டும். விலகுகிறவரின் பதிவைச் செயலியில் நீக்கினால் வேலை முடிந்துவிடாது, ஏற்கெனவே இறக்கி வைத்த கோப்புகளில் அவர் இருக்கிறார்.

கசிவு நேர்ந்தால், "நம்ம ஆய்வில் 40 பேர்தானே, 500 பேருக்கு மேல் என்றால்தானே சொல்லணும்" என்று விட்டுவிடுகிறார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு: 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்படுவது ஒன்று, எண்ணிக்கை எவ்வளவானாலும் ஆட்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடியது இன்னொன்று. சில வகை மருத்துவத் தகவல்கள் பெயரோடு வெளியேறினால் இரண்டாவதில் வந்துவிடும். அறிவிக்க வேண்டியது என்று முடிவான பிறகு தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல மூன்று நாள்தான். அதனால் உங்கள் அமைப்பின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி யார், அவர் எண் என்ன என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் ஆய்வு உதவியாளரின் மடிக்கணினியையும் அன்றைக்கே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.