கறுப்பு அலகெல்லாம் சின்னக் கொக்கு அல்ல

ஏரியில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு அலகின் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம். கறுப்பு என்றால் சின்னக் கொக்கு, மஞ்சள் என்றால் பெரிய கொக்கு என்ற கணக்கு கோடையில் ஓரளவு பலிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அலகு கறுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வேடந்தாங்கலில் அவை கூடு கட்டும்போது இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

1. கையேட்டைத் திறக்கும் முன் கண்ணில் பட்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: அலகு, முகம், கழுத்து, கால், பாதம், என்ன செய்துகொண்டிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், பார்க்காததும் பார்த்ததுபோல் நினைவில் ஏறிவிடும்.

2. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் மஞ்சள் அலகும் கறுப்பாகவே தெரியும்.

3. அடுத்து வாய்க்கோடு. நிறம் மாறினாலும் இது மாறாது. அலகு பிளக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. தூரத்தில் பைனாகுலரில் இது பிடிபடாது. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

4. பாதம். கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் இருந்தால் சின்னக் கொக்கு. ஆனால் சேற்றில் நடந்த பறவைக்குப் பாதமும் கறுப்புதான்! அது பறக்கும்வரை, இல்லாவிட்டால் தெளிந்த நீரில் காலைத் தூக்கும்வரை பொறுத்திருங்கள்.

5. உருவ அளவைப் பக்கத்துப் பறவையோடு ஒப்பிடுங்கள். அலகு முதல் வால் வரை உண்ணிக்கொக்கு ஏறக்குறைய 50 செ.மீ., சின்னக் கொக்கு 60, பெரிய கொக்கு 90. தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண்ணளவில் நம்ப வேண்டாம். மாட்டின் காலடியில் குட்டைக் கழுத்தும் குட்டை மஞ்சள் அலகுமாகத் திரிவது பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. பழுப்பாக உட்கார்ந்திருந்தது எழுந்ததும் வெள்ளையாகப் பறந்தால் அது மடையான்.

தவறு தெரிந்ததும் குறிப்பை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, சரியான பெயரையும் ஏமாற்றிய அடையாளத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்: ‘சின்னக் கொக்கு என நினைத்தது, அலகு கறுப்பு, வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னால், பெரிய கொக்கு’. எது ஏமாற்றியது என்று எழுதாத திருத்தத்தால் பயன் குறைவு.

பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றிய பட்டியலையும் பிறகு திருத்த முடியும். படம் இல்லை, வாய்க்கோடும் பார்க்கவில்லை என்றால் ஊகித்து ஒரு பெயரை மாற்றிப் போடாமல், இனம் உறுதியாகாத கொக்கு என்றே பதியுங்கள். அதற்கு அங்கே இடம் உண்டு. கறுப்பு அலகு ஒரு டிசம்பரில் ஏமாற்றியிருந்தால், அதே மாதம் நீங்கள் பதிந்த மற்ற சின்னக் கொக்குகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு அங்கே ஒளிந்திருக்கும்.