அலைவழிக்குழாய்க்குள் பொறி: நான் சரிசெய்த விதம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் காயவைக்கும் ஒரு மைக்ரோவேவ் உலர்த்தி, 2450 மெகாஹெர்ட்ஸ், பவரைக் கூட்டினாலே அலைவழிக்குழாய்க்குள், அதாவது மைக்ரோவேவைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்க்குள், பட்டென்று பொறி. மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரானை மாற்றிவிடலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொறி எங்கே பிறந்தாலும் பவர் வரும் பக்கமாக, அதாவது மேக்னட்ரானை நோக்கித்தான் நகரும். அதனால் மெயினை அணைத்து, கெப்பாசிட்டர் சார்ஜை இறக்கிவிட்டு, கருகிய தடத்தை எதிர்ப்பக்கமாகத் தேடிப் போனேன். குழாய்த் துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்க்கும் ஒரு ஃபிளாஞ்ச் இணைப்பில் கூரான பிசிர்! காற்று சென்டிமீட்டருக்கு சுமார் 30 கிலோவோல்ட் தாங்கும், ஆனால் கூர்முனையில் மின்புலம் பல மடங்கு குவிந்துவிடும். நைஸ் உப்புத்தாளால் விளிம்பை மழுக்கி, தூசு போகத் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். அப்புறம் பொறி வெளிச்சம் பட்டதும் பவரை வெட்டும் ஒளி உணரி ஒன்றும் போடவைத்தேன், பொறி மேக்னட்ரானின் பீங்கானைத் தொட்டு விரிசல் விட்டால் உள்ளே வெற்றிடமே போய்விடும். இப்போது முழு பவரில் ஓடுகிறது.