துறைக்கு ஒரு சின்ன கிளஸ்டர்: நிதி கேட்பதிலிருந்து ஓட்டுவது வரை

கிளஸ்டர், அதாவது பல கணினிகளைக் கோத்து ஒன்றாக வேலை செய்ய வைக்கும் அமைப்பு, வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே பலரும் கடைக்காரரிடம் கொட்டேஷன் கேட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் துறையில் நிஜமாகவே ஓடுகிற வேலைகளில் மூன்று நான்கை எடுத்து, கையில் இருக்கிற நல்ல கணினி ஒன்றில் 1 கோர் (செயலிக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 2, 4, 8 என்று மாற்றி மாற்றி ஓட்டி, எவ்வளவு நேரம் ஆனது, உச்சத்தில் எவ்வளவு மெமரி பிடித்தது என்று எழுதி வையுங்கள். நிதிக்கான விண்ணப்பம், டெண்டர், கடைசியில் சரிபார்ப்பது எல்லாமே இந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் நடக்கும்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே வேலை எந்த ரகம் என்று தெரிந்துவிடும். ஆயிரம் ஜீனோம் வரிசைகளைத் தனித்தனியாகத் தேடுவது, ஒரே நிரலை வேறு வேறு உள்ளீட்டில் ஓட்டுவது போன்றவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத வேலைகள், அவற்றுக்குச் சாதாரண கிகாபிட் ஈதர்நெட் (வழக்கமான கேபிள் இணைப்பு) தாராளம். ஓபன்ஃபோம் (திரவ, வாயு ஓட்டக் கணக்கு), குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ (பொருட்களின் எலக்ட்ரான் கணக்கு) மாதிரி ஒரே கணக்கைப் பல கணினிகளில் பிரித்துப் போடுபவை நொடிக்கு நொடி பேசிக்கொண்டே இருக்கும். கிகாபிட்டில் ஒரு சின்னத் தகவல் போய்ச் சேரப் பல பத்து மைக்ரோ நொடி ஆகும், அதிவேக இணைப்பான இன்ஃபினிபேண்டில் ஒன்றிரண்டு மைக்ரோ நொடிதான். இந்த ரக வேலைக்கு எட்டுச் சின்னக் கணினிகளை கிகாபிட்டில் கோத்தால் நான்கு கணினிக்கு மேல் வேகம் கூடுவது நின்றே போகலாம்.

நெட்வொர்க் தலைவலி புதிதல்ல. 1994-ல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 486 ரகக் கணினிகள் 16-ஐக் கோத்து பெயோவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டியபோதே ஒரு ஈதர்நெட் போதாமல் இரண்டு வரிசை போட்டார்கள். 2007-ல் அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் பேராசிரியர் ஜோயல் ஆடம்ஸும் மாணவர் டிம் பிராமும் 2,470 டாலரில் நான்கு மதர்போர்டுகளை அடுக்கி மைக்ரோவுல்ஃப் என்று ஒன்று கட்டினார்கள், அது 26.25 கிகாஃப்ளாப்ஸ் (நொடிக்கு 2,625 கோடி கணக்கு) வேகம் கொடுத்தது, அதிலும் இரட்டை இணைப்புதான்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. 64 கோர் உள்ள ஒரே சர்வர் கிடைக்கிறது, அதற்குள் ஓடும் வேலைக்கு நெட்வொர்க்கே தேவையில்லை. உங்கள் கணக்குகள் 64 கோருக்குள் அடங்கும் என்றால், கிளஸ்டர் என்ற பெயருக்காகப் பிரித்து வாங்காமல், பெரிய மெஷின் ஒன்றை வாங்கி அடுத்த வருடம் இன்னொன்றைச் சேருங்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான துறைகளுக்கு இதுதான் சரி.

பழைய லேப் கணினிகளைக் கோக்கலாமா? கோக்கலாம். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1990-களின் கடைசியில் ஒதுக்கிப் போட்ட கணினிகளை வைத்தே ஸ்டோன் சூப்பர்கம்ப்யூட்டர் கட்டி நிஜ ஆய்வு செய்தார்கள். மாணவர்களுக்கு எம்பிஐ (கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் நிரல் முறை) சொல்லிக்கொடுக்க அருமையான வழி. ஆனால் இரவும் பகலும் ஓட வேண்டிய ஆய்வுக்கு, கரண்ட் பில்லைப் பார்த்தால் பழையதுதான் அதிகச் செலவு வைக்கும்.

இனி பணம். துறை முழுவதற்கும் சேர்த்துக் கேட்பதென்றால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டியின் ஃபிஸ்ட் திட்டம். தனி ஆசிரியர் என்றால் ஆய்வுக்கு நிதி தரும் தேசிய அமைப்பான ஏஎன்ஆர்எஃப்-இன் ஆய்வுத் திட்டத்தில் உபகரணத் தலைப்பு. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியையும் கேட்கலாம், அறிவியல் ஆய்வுக்காக அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுப்பதை கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அனுமதிக்கிறது. இதெல்லாம் தனித்தனியாகச் சின்னத் தொகைதான். அதனால் மூன்று நான்கு ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) வாங்கி ஒரே ரேக்கில் (கணினிகளை அடுக்கும் சட்டம்) சேர்ப்பது நல்ல ஏற்பாடு: வாங்கியவருக்கு அவர் நோடில் முன்னுரிமை, காலியாக இருக்கும்போது எல்லோருக்கும். எப்போதோ ஒருமுறை வருகிற மிகப் பெரிய ஓட்டத்துக்காக வாங்காதீர்கள். அதற்குத் திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் ஆயிரம் கிகாஃப்ளாப்ஸ்) வேகமுள்ள பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது, அங்கே நேரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

மதிப்பீட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி, யூபிஎஸ், ஏசி, ரேக், ஐந்து வருட வாரண்டி எல்லாவற்றையும் முதலிலேயே போடுங்கள். திட்டம் மூன்று வருடத்தில் முடிந்துவிடும், நான்காம் வருடம் பவர் சப்ளை போனால் மாற்ற ஒரு பைசா இருக்காது.

டெண்டரில் ஒவ்வொரு வரியும் முக்கியம், ஏனென்றால் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் போகும். 256 ஜிபி ராம் என்று மட்டும் எழுதினால் 64 ஜிபி ஸ்டிக் நான்கைச் சொருகித் தந்துவிடுவார்கள். ஏஎம்டியின் எபிக் சர்வர் செயலிகளில் தலைமுறையைப் பொறுத்து பெரும்பாலும் 8 அல்லது 12 மெமரி சேனல் (செயலிக்கும் ராமுக்கும் இடையிலான பாதை) உண்டு. 8 சேனலில் நான்கு காலியாகக் கிடந்தால் மெமரி வேகம் பாதியாகிவிடும், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ போன்றவை அந்த வேகத்தை நம்பித்தான் ஓடுகின்றன. "எல்லா மெமரி சேனல்களும் ஒரே அளவு ஸ்டிக்கால் நிரப்பப்பட வேண்டும்" என்று எழுதுங்கள். அப்புறம் உங்கள் சோதனை உள்ளீடு ஒன்றைக் கொடுத்து, இது இத்தனை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், முடிந்தால்தான் பட்டுவாடா என்றும் சேருங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது. நோடுக்கு 400 வாட் என்றால் எட்டுக்கு 3.2 கிலோவாட், நாளைக்குச் சுமார் 77 யூனிட், மாதம் 2,300. அவ்வளவும் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்கும். 1 டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தைத்தான் எடுக்கும், நம்மூர் மே மாதத்தில் அது தாங்காது. 1.5 டன் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும். யூபிஎஸ் மணிக்கணக்கில் தாங்க வேண்டியதில்லை, பத்து நிமிடம் கிடைத்தால் போதும், அதற்குள் எல்லா நோடும் தானாக அணைந்துகொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ராக்கி லினக்ஸ் அல்லது டெபியன் இயங்குதளம் போடுங்கள், பழைய சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஹெட் நோடில் (மற்ற நோடுகளை நடத்தும் தலைமைக் கணினி) இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்று வளாக வலைக்கு, மற்றொன்று உள்ளே இருக்கும் நோடுகளுக்கு மட்டும். பயனர்களின் ஹோம் கோப்பகத்தை என்எஃப்எஸ் (வலையில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிருங்கள், பயனர் எண்கள் எல்லா நோடிலும் ஒன்றாக இருக்கட்டும். வேலைகளை வரிசைப்படுத்த ஸ்லர்ம். அது மஞ்ச் என்ற அடையாளச் சேவையை நம்பியிருக்கிறது, நோடுகளின் கடிகாரம் சில நிமிடம் விலகினாலே மஞ்ச் மறுத்துவிடும், அதனால் முதலில் குரோனி போட்டுக் கடிகாரங்களைச் சேருங்கள். ஸ்லர்மில் கோரோடு மெமரியையும் கணக்கில் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒருவருடைய வேலை மொத்த மெமரியையும் தின்று அதே நோடில் ஓடும் மற்றவர்கள் வேலையையும் சேர்த்துச் சாகடிக்கும். நோடுகள் எட்டைத் தாண்டினால் ஓபன்ஹெச்பிசி என்ற கிளஸ்டர் மென்பொருள் தொகுப்பில் வருகிற வேர்வுல்ஃபை வைத்து எல்லாவற்றையும் ஒரே இமேஜிலிருந்து (இயங்குதளப் பிரதி) பூட் செய்யலாம்.

கட்டி முடித்ததும் லின்பேக் என்ற வேகச் சோதனை நிரலை எல்லா நோடிலும் முழு வேகத்தில் 24 மணி நேரம் ஓட விடுங்கள். மோசமான ராம், சரியாகப் பொருந்தாத கூலர் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும், வாரண்டியும் புதிதாக இருக்கும்.

பார்த்துக்கொள்வது யார் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பொதுவாக ஒரு பிஎச்டி மாணவர்தான் எல்லாம் செய்வார், பட்டம் வாங்கிப் போய்விட்டால் கடவுச்சொல்கூடத் தெரியாமல் துறை திண்டாடும். எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவராவது நிரந்தர ஊழியர். ஹெட் நோடின் தரவு வேறு கட்டிடத்தில் உள்ள வட்டில் தினமும் பிரதியாகட்டும். ஸ்லர்மின் கணக்குப் பதிவை முதல் நாளே இயக்கிவிடுங்கள், யார் எத்தனை கோர்-மணி (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது) பயன்படுத்தினார்கள் என்பதையும், எந்தெந்தக் கட்டுரையில் கிளஸ்டருக்கு நன்றி சொன்னார்கள் என்பதையும் ஆண்டுதோறும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை நிதி கேட்கும்போது முதல் பக்கத்தில் வைக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.